யாருடைய இரண்டாவது கோடு?

கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது நாலு மாதம்தான். மீதிப் பதினாலு மாதமும் அவள் மாடியில், அவன் கீழே.

சண்டை ஒன்றும் இல்லை. அவள் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். தொற்று பரவத் தொடங்கியதிலிருந்து ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு பேருடைய மூக்கில் குச்சியை விட்டுச் சளி எடுக்கிறவள். மாமியாருக்கோ மூன்று வருடத்துக்கு முன்னால் சிறுநீரகம் மாற்றி வைத்திருந்தது. வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருப்பதற்காக அவர் விழுங்கும் மாத்திரைகள் நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும். சாதாரண ஜலதோஷமே அவருக்கு ஆகாது. அதனால் வேலை முடிந்து வரும் மருமகள் வெளிப்படி வழியாக நேரே மாடி அறைக்கு ஏறி, குளித்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, காலையில் வந்த வழியே இறங்கிப் போவது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். யாரும் அவளை அப்படி இருக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்கள் அவன் கையால்தான் ஏறி இறங்கின. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை மாடிக் கதவுக்கு வெளியே முக்காலியில் வைத்துவிட்டு, ஆறு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொள்வான். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுவாள்.

"இன்னிக்கு எத்தனை மூக்கு?"

"முந்நூத்தி அறுபது. உங்களுக்கு எத்தனை லிஃப்ட்?"

"ஏழு. அதுல ஒண்ணு உன்னை மாதிரி. சொன்னாக் கேக்காது."

பதினாலு மாதத் தாம்பத்தியம் இந்த ஆறு படிகளில் நடந்தது. பிறகு அவன் கீழே போய், அம்மாவின் அறையை ஒட்டிய ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வான். ராத்திரி அம்மா இருமினால் எழுந்து பார்க்க ஒரு ஆள் வேண்டுமே.

தொற்று அலை கொஞ்சம் அடங்கி, எல்லோருக்கும் இரண்டு ஊசியும் போட்டு முடிந்ததும், லேப் இன்சார்ஜ் மேடம் அவளுக்கு ஐந்து நாள் விடுமுறை கொடுத்தார். சுற்றுலா போகச் சொன்னது மாமியார்.

"உங்க ரெண்டு பேரையும் பார்த்தா புருஷன் பொண்டாட்டி மாதிரியா இருக்கு? மேல் வீட்டுக்காரி, கீழ் வீட்டுக்காரன் மாதிரி இருக்கு. எங்கேயாவது போயிட்டு வாங்க. எனக்குத் துணைக்கு என் பொண்ணு வர்றா."

"இந்த நேரத்துலயா அத்தை? ஊரே பயந்துக்கிட்டு இருக்கு."

"பயப்படாம எப்படிப் போறதுன்னு உன்னைவிட யாருக்கும்மா தெரியும்? போ. நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா, நீ திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள உடைஞ்சு போறதுக்கு?"

அவள் தலையாட்டினாள். ஆனால் மாமியாரிடமும் கணவனிடமும் சொல்லாத ஒரு விஷயம் அவளிடம் இருந்தது. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஊழியர் விடுதியில் அவளுக்கு ஓர் அறை காலியாகியிருந்தது. தொற்று முழுசாக ஓயும் வரை, ஒரு வருடமோ இரண்டு வருடமோ, அங்கேயே தங்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போன மாதம் கூட வேலை செய்கிற பெண் தனக்கே தெரியாமல் நோயை வீட்டுக்குக் கொண்டுபோய், அவளுடைய அப்பா இருபது நாள் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்தார். அன்றிலிருந்து வீட்டு வெளிப்படியில் கால் வைக்கும்போதெல்லாம் இவளுக்கு அதே பயம்தான். இன்றைக்குக் கையில் எதைக் கொண்டு வந்திருக்கிறோமோ?

விடுதிக்குப் போய்விடுவது என்று ஏறக்குறைய தீர்மானித்திருந்தாள். போவதற்கு முன்னால் ஐந்து நாள் அவனோடு சுவர் இல்லாமல், படி இல்லாமல் இருந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை திரும்பி வரும் வழியில் காரில் சொல்லிக்கொள்ளலாம். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் முகத்தைப் பார்க்க மாட்டான்.

பயண ஏற்பாட்டை அவள் லேபில் ஒரு புதிய இயந்திரத்தை இறக்குவதுபோலச் செய்தாள். பெரிய ஹோட்டல் வேண்டாம், ஏரிக்கரையில் ஐந்தே அறைகள் உள்ள தங்கும் வீடு போதும். இரண்டு பக்கமும் ஜன்னல் திறக்கிற அறை வேண்டும். போன் போட்டு விசாரித்தாள்.

"அந்த ரூம்ல கடைசியா ஆள் எப்ப தங்கினாங்கம்மா?"

"போன வருஷம்!" என்றாள் வீட்டுக்கார அம்மா. "அதுக்கப்புறம் சிலந்திதான் தங்கியிருக்கு. அதுவும் வாடகை இல்லாம."

அவனுடைய நண்பனின் கார் கிடைத்தது. முன்னால் ஒரு பக்கக் கண்ணாடியும் பின்னால் எதிர்ப்பக்கக் கண்ணாடியும் நாலு விரல் இறங்கியிருக்க வேண்டும், காற்று குறுக்கே ஓட வேண்டும். வெளியே மேஜை போட்டிருக்கிற கடையில்தான் சாப்பாடு. மலை உச்சிக்குக் கூட்டம் வருவதற்கு முன்னால் ஆறு மணிக்கே போய்விட வேண்டும். புது மாஸ்க்குக்கு ஒரு பை, கழற்றியதைப் போட இன்னொரு பை. காய்ச்சல் பார்க்கிற கருவி, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி, தலையணை உறை, சோப்பு. ஊர் திரும்புவதற்கு முன்னால் புதன்கிழமை காலையில் இருவருக்கும் சோதித்துப் பார்க்க இரண்டு டெஸ்ட் கிட்.

"நாம டூர் போறோமா, ஆபரேஷன் பண்ணப் போறோமா?" என்றான் அவன்.

"ரெண்டும் ஒண்ணுதான். சுத்தமாப் போய் சுத்தமா வரணும்."

"சரி தாயே. எல்லாத்துக்கும் சரி. எனக்கு ஒரே ஒரு கண்டிஷன். அஞ்சு நாளைக்கு லேபிள் கிடையாது."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெயர் எழுதாத ஒரு சோதனைக் குழாயை அவள் ஒன்பது வருட வேலையில் மேஜைமேல் வைத்ததில்லை. அந்தப் பழக்கம் மாடி அறைக்கும் ஏறி வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலில் தேதி, துண்டில் கிழமை, சர்க்கரை டப்பாவில் திறந்த நேரம். 'லேபிள் ராணி' என்று அவன் வைத்த பெயரைச் சொல்லி நாத்தனார் குழந்தைகள் வரைக்கும் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

"நான் அசந்து தூங்கினா என் நெத்தியிலயே பேரு, வயசு எல்லாம் எழுதி ஒட்டிடுவே. அந்த மார்க்கர் பேனாவை வீட்டுலேயே வச்சிட்டு வா. அஞ்சு நாளும் நீ டெக்னீஷியன் இல்ல. என் பொண்டாட்டி."

அவள் சிரித்துக்கொண்டே பேனாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

முதல் இரண்டு நாளும் அப்படி ஓர் அமைதி. திங்கட்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தார்கள். ஏரியில் துடுப்புப் படகு எடுத்தார்கள், வேறு யாரையும் ஏற்றாமல் தாங்கள் இருவர் மட்டும். மெக்கானிக்குக்கு மோட்டார் இல்லாத எதையும் ஓட்டத் தெரியவில்லை. படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது. கரையில் நின்ற படகுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"லிஃப்ட்டா இருந்தா மேலே கீழேன்னு ரெண்டே பட்டன்," என்று அவன் மூச்சு வாங்கினான். "இது நாலு பக்கமும் போகுது!"

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மலை உச்சி. அங்கே அவர்களும், ஒரு நாயும், சூரியனும் மட்டும். திரும்பி வந்து புல்தரையில் போட்டிருந்த மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டபோது, அவன் சாப்பிடாமல் அவளையே பார்த்தான்.

"என்ன?"

"நீ வலது பக்கமாதான் மெல்லுறே."

"இடது பக்கம் ஒரு பல் ஆடுது. மூணு மாசமா."

"மூணு மாசமாவா? தினமும் உன் எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன்."

"ஆறு படி கீழே இருந்து பல் தெரியுமா?"

அவன் சிரிக்கவில்லை. ரொட்டியின் மெத்தென்ற நடுப்பகுதியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தான். அவள் குனிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை, கார், விடுதி எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினாள்.

புதன்கிழமை காலை. ஜன்னல் திறந்திருந்தது, ஏரியின் மேல் பனி. அவள் கையைக் கழுவி, முதலில் அவனுக்கும் பிறகு தனக்கும் மூக்கில் சளி எடுத்தாள். "முந்நூத்தி அறுபது மூக்கை இப்படித்தான் குடைவியா? பாவம்!" என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மருந்தில் கலக்கி, சொட்டு விட்டு, விரல் நீளமுள்ள இரண்டு வெள்ளை கிட்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வலது பக்கம் தன்னுடையது, இடது பக்கம் அவனுடையது. கை தானாகப் பேனாவைத் தேடியது. பேனா இல்லை. இரண்டே கிட், மறந்தா போய்விடும் என்று சொல்லிக்கொண்டு பல் விளக்கப் போனாள்.

அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்கார அம்மா கதவுக்கு வெளியே டீ வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள். தட்டை உள்ளே கொண்டுவந்தவன் மேஜையில் இடம் இல்லாததால் இரண்டு கிட்டையும் ஒரே கையில் அள்ளி ஜன்னல் திட்டில் வைத்தான். அவனைப் பொறுத்தவரை அவை இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள்.

அவள் வந்து பார்த்தாள். ஒன்றில் ஒரு கோடு. மற்றதில் இரண்டு.

"இதை யாரு நகர்த்தினது?"

"நான்தான். டீ வைக்க இடம் இல்ல. ஏன்?"

"எது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவன் டீத் தம்ளரைக் கீழே வைத்தான். அவள் முகத்தையும் ஜன்னல் திட்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு கோடு என்றால் ஒன்றுமில்லை, இரண்டு கோடு என்றால் நோய் இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும்.

"ரெண்டு கோடு என்னோடது," என்றான் சட்டென்று.

"எப்படித் தெரியும்?"

"எனக்கு நேத்துலேருந்தே தொண்டை கரகரங்குது."

"நேத்து மலையில பாட்டுப் பாடினீங்க. நாய்கூட எழுந்து போச்சு. அதனால கரகரங்குது. இது என்னோடதுதான். வலது பக்கம்தான் வச்சேன், இப்பவும் வலது பக்கம்தான் இருக்கு."

"கையில எடுத்து வைக்கும்போது திரும்பியிருக்கும்."

"திரும்பலன்னா?"

"திரும்பிச்சு. என் கை, எனக்குத் தெரியாதா?"

"உங்க கைக்கு எது தெரியும்? எடுத்தது எதுன்னே தெரியல!"

உலகத்தில் எல்லோரும் நோய் தனக்கு இல்லை என்று சண்டை போடுவார்கள். இவர்கள் இருவரும் எனக்குத்தான், எனக்குத்தான் என்று அந்த இரண்டாவது கோட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். பேசிக்கொண்டே அவள் இரண்டு மாஸ்க்கை எடுத்து, ஒன்றை அவனிடம் எறிந்தாள், ஒன்றைத் தானும் மாட்டிக்கொண்டு அறையின் எதிர்மூலைக்குப் போய்விட்டாள். மூலையில் நின்றதும் குரல் உடைந்தது.

"என்னோடதுதாங்க. நான்தானே தினமும் அதுக்கு நடுவுல நிக்கிறேன்? வேற யாருக்கு வரும்? பதினாலு மாசமா எதுக்குப் பயந்தேனோ அதுதான் இது. நான் விடுதிக்குப் போயிடறேன்."

"எந்த விடுதி?"

அப்புறம் மறைக்க ஒன்றும் இல்லை. அறை காலியானதையும், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதையும், ஒரு வருடமோ இரண்டு வருடமோ என்பதையும் சொல்லி முடித்தாள். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இதைச் சொல்றதுக்கா என்னைப் படகுல ஏத்தினே?"

"உங்க அம்மாவுக்கு ஒண்ணு ஆயிட்டா நீங்க என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். என்னால அதைத் தாங்க முடியாது."

"இது என்னோடதா இருந்தா?"

"இருக்காது."

"இருந்தா விடுதிக்குப் போகமாட்டே இல்ல?"

 அவன் ஏன் அந்தக் கோட்டுக்கு இப்படி மல்லுக்கட்டினான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

முதலில் வீட்டுக்கார அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவள் பால்கனியில் நின்று கீழே தோட்டத்தில் இருந்தவளைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். அறையைக் காலி செய்யச் சொன்னாலும் தப்பில்லை என்று சேர்த்துக்கொண்டாள். அந்த அம்மா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒரு வருஷம் கழிச்சு வந்த முதல் ஆளுங்க நீங்க. எந்திரிச்சுப் போன்னா எங்க போவீங்க? பக்கத்து ரூம் காலியாத்தான் கிடக்கு, ஒருத்தர் அங்க போங்க. பால்கனி ஒண்ணுதான், நடுவுல மரத்தடுப்பு இருக்கு. சாப்பாடு வாசல்ல வைக்கிறேன், நான் போனப்புறம் எடுங்க. மறைக்காம சொன்னீங்களே, அது போதும். சரி, யாருக்கு நோவு?"

"அதுதாம்மா தெரியல."

"ஏம்மா, நீ லேப்ல வேலை பார்க்கிறேன்னு சொன்னியே?"

அவளுக்கு எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை.

ஊர் மருத்துவமனையில் வெளியே கூடாரம் போட்டு மாதிரி எடுத்தார்கள். கார்க் கண்ணாடிகளை முழுவதும் இறக்கிவிட்டு, அவள் பின் இருக்கையில் உட்கார, அவன் ஓட்ட, இருவரும் போய் வந்தார்கள். அங்கிருந்த டெக்னீஷியன் குழாயில் பெயர் எழுதும்போது அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். "மேடம், நாங்களும் படிச்சிட்டுத்தான் வந்திருக்கோம்," என்றார் அவர். முடிவு மறுநாள் காலையில் என்று சொல்லி அனுப்பினார்.

மதியம் முழுவதும் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. ஏரி மட்டும் இருவருக்கும் தெரிந்தது. சும்மா இருக்க முடியாமல், தினமும் வரிசையில் நிற்பவர்களிடம் கேட்கும் கேள்விகளை அவனிடம் கேட்கத் தொடங்கினாள். நானூறு பேரிடம் கேட்டுக் கேட்டு அவை நாக்கில் ஊறிப்போயிருந்தன.

"காய்ச்சல்?"

"இல்லீங்க மேடம்."

"மூச்சுத் திணறல்?"

"நீ விடுதின்னு சொன்னப்போ லேசா இருந்துச்சு."

"விளையாடாதீங்க. கடைசி ஒரு வாரத்துல, மூடின இடத்துல, கால்மணி நேரத்துக்கு மேல, வெளி ஆளுங்க யாரோடயாவது இருந்தீங்களா?"

"அது இருந்தேன். சனிக்கிழமை. லிஃப்ட்ல."

அவள் எழுந்து நின்றாள். "எந்த லிஃப்ட்ல?"

"நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல ஒண்ணு மாட்டிக்கிச்சு. உள்ளே அஞ்சு பேரு. கரண்ட் இல்ல, ஃபேன் இல்ல. ஒரு அம்மா மூச்சு முட்டுதுன்னு அழ ஆரம்பிச்சிட்டாங்க. நான் மேல்மூடியைத் திறந்து உள்ளே இறங்கி, அவங்களோட பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தேன். மேலே மோட்டார் ரூம்ல கூட வேலை செய்யறவர் பிரேக்கைச் சரி பண்ண முக்கால் மணி நேரம் ஆச்சு. மாஸ்க் போட்டிருந்தேன். நடுவுல கொஞ்ச நேரம் இறக்கிவிட்டேன். முகம் தெரிஞ்சாத்தானே அவங்களுக்குத் தைரியம் வரும்."

"யாராவது இருமினாங்களா?"

"ஒருத்தர் இருமினார். தூசின்னு சொன்னார்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. 'ஏழு லிஃப்ட், ஒண்ணு அடம்'னு."

அவள் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை மட்டும்தானா? பதினாலு மாதமாக இவன் தினமும் ஏழெட்டுக் கட்டடத்தில், ஜன்னலே இல்லாத ஓர் இரும்புப் பெட்டிக்குள் யார் யாருடைய மூச்சையோ சுவாசித்துவிட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, அம்மாவுக்கு நாலடி தள்ளிப் பாய் போட்டுப் படுத்திருக்கிறான். அவளோ உடல் முழுக்க மூடிய உடுப்பு, கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டு வேலை செய்துவிட்டு மாடியில் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள். வீட்டில் ஒருவருக்கும், ஒரு நாளைக்கு நானூறு பேரைக் கேட்கிற அவளுக்கும் கூட, அவனை இந்தக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. அவன் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன் இல்லையே!

அடுத்த நொடி அவள் மனசு கணக்குப் போட்டது. சனிக்கிழமை லிஃப்ட். திங்கட்கிழமை விடிகாலை கிளம்பினோம். நடுவில் இரண்டு ராத்திரி அவன் அத்தையின் அறைக்குப் பக்கத்தில்.

உடனே லேபில் கூட வேலை செய்பவளுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் அன்று சாயங்காலமே இவள் வீட்டுக்குப் போய், வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மாமியாருக்கும் நாத்தனாருக்கும் மாதிரி எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மாமியாரே போனில் வந்தார்.

"என்னம்மா, ரெண்டு பேரும் ஊர் சுத்தப் போனீங்க, இங்க என் மூக்கைக் குடையறாங்க?"

"அத்தை, காய்ச்சல் இருக்கா? உடம்பு வலி? உண்மையைச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல. என் பொண்ணு சமையலைச் சாப்பிட்டு நாக்குதான் செத்துப்போச்சு. அது நோயா?"

"ருசி தெரியலையா?" அவள் பதறினாள்.

"ருசி நல்லாத் தெரியுது. அதான் பிரச்சினையே!"

பின்னால் நாத்தனார் "அம்மா!" என்று கத்துவது கேட்டது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.  தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவன், "அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று மட்டும் கேட்டான். அவள் பதினாலு மாதமாகத் தனியாகச் சுமந்த கேள்வி அது. இன்றைக்குத்தான் அதைச் சுமக்க இன்னொரு ஆள் வந்திருந்தான். அது சந்தோஷமில்லை, ஆனால் பாரம் கொஞ்சம் குறைந்தது போலத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை முடிவுகள் வந்தன. அவனுக்கு இருக்கிறது. அவளுக்கு இல்லை. அத்தைக்கும் நாத்தனாருக்கும் இல்லை. சனிக்கிழமை இன்னொரு தடவை பார்ப்பதாக லேப்காரி சொன்னாள்.

"பார்த்தியா, என்னோடதுதான்னு சொன்னேன்ல?" என்றான் அவன், பரிசு வாங்கினவன் மாதிரி. அன்று மத்தியானமே காய்ச்சல் வந்து போர்வைக்குள் சுருண்டுகொண்டான். அவள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால்கனித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, காய்ச்சல் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். குப்புறப் படுக்கச் சொன்னாள், தண்ணீர் குடிக்கச் சொன்னாள். ஆக்சிஜன் தொண்ணூற்று ஏழுக்குக் கீழே இறங்கவில்லை. ஊர் டாக்டர் போனில், ஏழு நாள் தனி அறை, அவளும் அதுவரைக்கும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்றார்.

பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் யோசித்துப் பார்த்தாள். இந்த நேரத்தில் சுற்றுலாவா என்று கேட்காத ஆள் இல்லை. ஆனால் கிளம்பாமல் இருந்திருந்தால், இந்தக் காய்ச்சல் இன்றைக்கு அத்தையின் அறைக்கு நாலடி தள்ளிப் பாயில் படுத்திருக்கும். அவள் மாடியில் தேதி எழுதிய தண்ணீர் பாட்டிலோடு, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் தணிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்சார்ஜ் மேடம் கூப்பிட்டார்.

"உன் மெசேஜ் பார்த்தேன். நீயும் ஏழு நாள் கழிச்சே வா. சரி, விடுதி ரூமுக்கு என்ன பதில்? அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்கா."

"அவளுக்கே குடுத்துடுங்க மேடம். எனக்கு வேண்டாம்."

"உன் மாமியார் இருக்காங்களேன்னு நீதானே அந்த ரூமைக் கேட்டே?"

"அவங்க கீழேயே இருப்பாங்க மேடம். நாங்க ரெண்டு பேரும் மாடியில இருந்துக்கறோம். கீழே போறதா இருந்தா மாஸ்க்கோட, ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, ரெண்டு பேருமே."



"இத்தனை நாள் உன் புருஷன் எங்கே இருந்தார்?"

"கீழே, அவங்களோட."

"அவர் என்ன வேலை?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"ஏம்மா," என்றார் மேடம், "நாம ரெண்டு பேரும் லேப்லதானே வேலை பார்க்கிறோம்?"

அடுத்து அத்தைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். ராத்திரி துணைக்கு ஆள் வேண்டுமே என்ற கவலையையும் சொன்னாள்.

"என் தலைமாட்டுல ஒரு பெல் வச்சுக் குடுக்கச் சொல்லு அவனை. ஊர் லிஃப்ட்டுக்கெல்லாம் பெல் மாட்டறானே, பெத்தவளுக்கு ஒண்ணு மாட்டமாட்டானா? அமுக்கினா மாடியில அடிக்கணும்," என்றார் மாமியார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது எனக்கு எப்பவோ தோணிச்சும்மா. ஆனா பெத்த புள்ளையைக் கூப்பிட்டு, போடா, போய் உன் பொண்டாட்டி ரூம்ல படுன்னு எந்த வாயால சொல்றது? அதான் டூருக்கு அனுப்பினேன்."

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. போனை வைத்துவிட்டு நாற்காலியைத் தடுப்பு ஓரமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அந்தப் பக்கமிருந்து ஒரு செருமல் வந்தது.

"மாடிக்கு வர்றதுன்னா என் டூல் பாக்ஸ் எங்க இருக்கும்?"

"வெளியில. கிரீஸ் நாத்தம்."

"மழை பெஞ்சா?"

"மூடி வைங்க."

"துருப்பிடிச்சா நீ பதில் சொல்வியா? கட்டிலுக்கு அடியில வைக்கிறேன்."

"கட்டிலுக்கு அடியில என் புத்தகம் இருக்கு."

"பரணையில போடு."

"உங்க டூல் பாக்ஸைப் போடுங்க பரணையில."

"அது நாப்பது கிலோ!"

"அப்போ ஒரு லிஃப்ட் மாட்டுங்க."

அவன் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தான். அவளுக்கும் அடக்க முடியவில்லை. கீழே தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா குழாயைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"உடம்பு சரியில்லாதவங்க வாயை மூடிக்கிட்டு ஓய்வெடுக்கணும்!" என்று மேலே பார்த்துச் சத்தம் போட்டாள். "அந்த ரூம்ல நோவா, சண்டையா?"

"ரெண்டும்மா," என்றான் அவன் உள்ளிருந்து. "ஏழு நாள்ல நோவு போயிடும்."